எங்கள் கம்பெனியில் யாருக்கும் நோயில்லை

முதலில் கார்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

பூவத்துக்குப் போகிற சாலையில் எங்கள் டைல்ஸ் கம்பெனி இருக்கிறது. நான் அங்கே பேக்கிங் பிரிவில் நிரந்தரத் தொழிலாளி. நிரந்தரம் என்றால் இரண்டு வசதிகள் உண்டு. வருஷா வருஷம் பங்குனியில் சம்பளம் கொஞ்சம் ஏறும். ஈ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிய சம்பளம் என்பதால், அதற்குப் பதிலாகக் கம்பெனியே எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்து ஆளுக்கொரு நீலக் கார்டு கொடுத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால் அதைக் காட்டினால் போதும். பெருக்குகிறவர்களும் லாரியில் பெட்டி ஏற்றுகிறவர்களும் காண்ட்ராக்ட் ஆட்கள். அவர்களுக்கு இந்த இரண்டும் இல்லை. ஈ.எஸ்.ஐ.க்கு என்று காண்ட்ராக்டர் மாதாமாதம் பிடித்துக்கொள்வார். நம்பர் மட்டும் யாருக்கும் வந்ததில்லை.

இரண்டு பங்குனியாக எங்களுக்குச் சம்பளம் ஏறவில்லை. ஏன் என்று கேட்டோம். ஹெச்.ஆர். அதிகாரி சிவப்ரியா மேடம் எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார்.

“ஏறலைன்னு யாரு சொன்னது? ஏறியிருக்கு. உங்க கைக்கு வராம பிரீமியத்துக்குப் போயிடுச்சு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில ரேட்டை ஏத்துறாங்க, இன்ஷூரன்ஸ்காரங்க அதை நம்ம தலையில ஏத்துறாங்க. போன வருஷம் நம்ம ஆளுங்க எவ்வளவு பில்லு போட்டாங்களோ, அதை வச்சுத்தான் இந்த வருஷக் கணக்கு. ஒரு தொழிலாளிக்குன்னு கம்பெனி ஒதுக்குறது ஒரே தொகை. கார்டுக்குப் போனது போக மிச்சம்தான் சம்பளம்.”

“அப்ப நாங்க யாரும் படுக்காம இருந்தா?” என்று கேட்டார் குஞ்சிதபாதம் அண்ணன். சூளைப் பிரிவில் மூத்தவர், தொழிலாளர் கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான்.

“படுக்காம இருந்தா நல்லதுதானே சார்,” என்று மேடம் சிரித்தார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். குஞ்சிதபாதம் அண்ணன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே சைக்கிள் ஷெட்டில் எங்களை நிறுத்திப் பேசினார். வருகிற பங்குனிவரை யாரும் கார்டை எடுப்பதில்லை. சின்னக் காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கெல்லாம் போய்ப் படுக்கிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பிரீமியம் இறங்கினால் மூன்று வருஷத்துச் சம்பள உயர்வையும் சேர்த்துக் கேட்கலாம்.

“கார்டை பீரோவுல வச்சுப் பூட்டுங்கப்பா. பொண்டாட்டி நகையைப் பூட்டுற மாதிரி.”

“எம் பொண்டாட்டி நகை பேங்க்கு பீரோவுல இருக்குண்ணே, கார்டையும் அங்கயே வச்சுடவா?” என்றான் செம்பியன். எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே சம்மதித்தோம். எனக்கு அதில் தவறாக எதுவும் படவில்லை. என் வீட்டுக்காரர் முருகானந்தம் குத்தகைக்கு நெல் போடுகிறவர். அந்த வருஷம் மழையில் போட்டது பாதிதான் வீடு வந்தது. என் சம்பளம் ஏறியே ஆக வேண்டிய நிலைமை.

ஆடி மாதம் செம்பியனுக்கு இருமல் வந்தது. அவனுக்கு மண் அரைக்கிற இடத்தில் வேலை, எப்போதும் தூசி. அவன் இருமலை எங்கே இருந்தாலும் அடையாளம் சொல்லலாம். இரண்டு குட்டை, அப்புறம் ராட்டினத்தில் வாளி ஏறுகிற மாதிரி இழுத்து ஒரு நீளம். கார்டை எடுக்கக் கூடாதே என்று அவன் மாமியார் கழிப்பு கழித்துவிட்டார். மஞ்சள் கலந்த சோறு, கரி கலந்த சோறு, குங்குமம் கலந்த சோறு, ஆக மூன்று உருண்டை. அதை இலைத்துண்டில் வைத்துப் படுத்திருக்கிறவரின் தலையைச் சுற்றி, மூன்று வழி கூடுகிற இடத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். யார் அதை மிதிக்கிறார்களோ, தாண்டுகிறார்களோ அவர்களுக்கு அது போய்விடும் என்பார்கள். அதனால்தான் வழியில் அப்படி ஒன்றைக் கண்டால் எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள்.

செம்பியன் செய்த தவறு இதுதான். அவன் தெரு முனையில் வைக்க வேண்டியதை, வேலைக்கு வருகிற வழிதானே என்று சைக்கிள் கேரியரில் கொண்டுவந்து கம்பெனி வாசலில் வைத்துவிட்டான். திருவேட்டக்குடிக்குத் திரும்புகிற சாலையும் பூவத்துச் சாலையும் எங்கள் கம்பெனிப் பாதையும் அங்கேதான் கூடுகின்றன. ஷிப்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் இலையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டு போனோம். காசியம்மாக்காவால் மட்டும் சுற்றிக்கொண்டு போக முடியாது. லாரி வருவதற்குள் வாசலைப் பெருக்குவது அவர் வேலை.

காசியம்மாக்கா காண்ட்ராக்டில் இருப்பவர். ஐம்பது வயதிருக்கும். நடவு வேலை குறைந்த பிறகு இங்கே வந்து சேர்ந்தார். உச்சி வெயிலில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வாசலைப் பெருக்குவார். அன்றும் அப்படித்தான் பெருக்கி, முறத்தில் அள்ளி, பின்பக்கத்து வாய்க்காலில் போட்டிருக்கிறார்.

மறுநாள் செம்பியன் இருமவில்லை. அடுத்த நாளும் இல்லை. மாமியார் கை ராசி என்று கேலி செய்துகொண்டிருந்தோம். அதற்கடுத்த நாள் நான் பெட்டிக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தபோது சுவருக்குப் பின்னால் அந்த இருமல் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நீளம்.

“என்ன செம்பியா, திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா?” என்று குரல் கொடுத்தேன்.

சுவரோரமாகத் தலையை நீட்டியது காசியம்மாக்கா. “என்னையா கூப்பிட்ட?” என்று தன் குரலில் கேட்டார். கேட்டுவிட்டு, வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு, செம்பியனைப் போலவே இருமினார்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோர் காதிலும் அது விழுந்திருந்தது.

அடுத்தது குஞ்சிதபாதம் அண்ணனின் முழங்கால். அவருக்கு இடது காலை இழுத்து இழுத்து வைக்கிற நடை. டாக்டர் மூட்டை மாற்றச் சொல்லியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் முன்னதாகவே வந்து வாசலில் ஒரு இலையை வைத்துவிட்டு, தலையைத் திருப்பாமல் உள்ளே போனதைக் காவல்காரர் பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் அண்ணன் சூளைப் படியில் ஒன்றுவிட்டு ஒன்று தாவி ஏறினார். காசியம்மாக்கா முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து வாய்க்காலுக்குப் போனார்.

அதன் பிறகு வெட்கம் விட்டுப் போயிற்று. சர்க்கரை, ஒற்றைத் தலைவலி, மூலம், பிள்ளையின் வீசிங், மாமனாரின் நெஞ்சுவலி எல்லாம் வாசலுக்கு வந்தன. குடும்பத்துக்கும் சேர்த்துத்தானே கார்டு. காலையில் வந்து வைத்துவிட்டு உள்ளே போவார்கள். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் மெஷின்கள் நிற்கும். அந்த அமைதியில் வாசலிலிருந்து துடைப்பம் தரையில் உரசுகிற சத்தம் மட்டும் வரும். ஒவ்வொரு இலைக்கும் முன்னால் அது கொஞ்சம் நிற்கும். பிறகு மறுபடி உரசும். அந்தச் சத்தம் நிற்கும்போது கேன்டீனில் யாரோ ஒருவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். மறுபடி சத்தம் வந்ததும் சாப்பிடத் தொடங்குவார்.

கமிட்டியில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மாதாமாதம் காசியம்மாக்காவுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. நானும் கொடுத்தேன். அக்கா மறுக்காமல் வாங்கிக்கொண்டார். ஒருநாள் கை கழுவுகிற இடத்தில் தனியாக இருந்தபோது கேட்டேன்.

“ஏங்க்கா, தெரிஞ்சுதான் அள்ளுறீங்களா?”

“தெரியாம என்ன. அள்ளலன்னா வேற ஆளைப் போட்டுடுவாரு காண்ட்ராக்டரு.” அவர் முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. “எம் பேரு எந்தக் கார்டுலயும் இல்லை. என்கிட்ட வந்தா யாரு கணக்குலயும் ஏறாதுன்னு உங்க கமிட்டி அண்ணன் சொன்னாரு. நெசந்தானே?”

நான் குழாயைத் திறந்து மறுபடியும் கை கழுவினேன்.

“செம்பியன்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. அவன் இருமலு விடியறதுக்கு முன்னால ஒரு தடவை எழுப்பி உக்கார வைக்குது. அவனுக்கும் அப்படித்தானா, இல்ல எங்கிட்ட வந்தப்புறம் கத்துக்கிச்சா?”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷம் எங்கள் கம்பெனியில் யாருக்கும் நோய் வரவில்லை. முதலுதவி அறையைத் திறக்க ஆளில்லாமல் கதவில் ஒட்டடை படிந்தது. சூளைப் புகையிலும் மண் தூசியிலும் நிற்கிற ஆட்கள் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி பளிச்சென்று நின்றார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து எங்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். “இந்த மாதிரி ஆரோக்கியமான தொழிலாளர்களை நாங்க எங்கயும் பார்த்ததில்லை,” என்றார் ஒருவர். மேடம் கேக் வாங்கி வெட்டினார். படத்தில் விழக் கூடாது என்று காசியம்மாக்காவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார்.

தை மாதம் என் முறை வந்தது.

உதிரப்போக்கு. முதலில் எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே என்று இருந்தேன். பிறகு நிற்கவே இல்லை. பேக்கிங் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. டாக்டரம்மா ரத்த அளவைப் பார்த்துவிட்டு முருகானந்தத்தை உள்ளே கூப்பிட்டார்.

“ஆபரேஷன் பண்ணியே ஆகணும். இந்த மாசத்துக்குள்ள பண்ணுங்க. தள்ளிப் போட்டீங்கன்னா நான் பொறுப்பில்லை.”

இலவச ஆஸ்பத்திரியிலும் கேட்டுப் பார்த்தோம். வரிசையில் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். தேதி பங்குனிக்கு அப்புறம்தான். கையிலிருந்து செலவு செய்ய எங்களிடம் இல்லை. கார்டு இருந்தது.

குஞ்சிதபாதம் அண்ணனிடம் சொல்லிவிட்டுச் செய்வதுதான் முறை என்று நினைத்துப் போய்ச் சொன்னேன். அவர் சூளையிலிருந்து இறங்கி வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகக் கேட்டார்.

“பங்குனி வரைக்கும் தாக்குப் பிடிக்க முடியாதாம்மா?”

“முடியாதுங்கண்ணே. டாக்டரு சொல்லிட்டாங்க.”

“பெரிய பில்லு வரும். ஒரு வருஷம் அத்தனை பேரு பல்லைக் கடிச்சதெல்லாம் வீணாப் போயிடும்.” குரலைத் தாழ்த்தினார். “வாசல்ல வச்சுப் பாரேன்.”

“அவங்க ஏற்கெனவே நிக்க முடியாம நிக்கிறாங்கண்ணே.”

“எல்லாத்தையும் தாங்குறவங்க இதைத் தாங்க மாட்டாங்களா? நீ வச்சதும் சரியாப் போயிடும் பாரு. எம் மூட்டைப் பாரு.” முழங்காலை மடக்கி நீட்டிக் காட்டினார்.

பொய் சொல்வானேன். நான் சோறு வடித்தேன். மஞ்சளும் கரியும் குங்குமமும் கலந்தேன். முருகானந்தம்தான் என் தலையைச் சுற்றினார். வண்டியில் போகிற வழியெல்லாம் இலை மடியில் கனத்தது. உள்ளே உதிரம் கட்டி கட்டியாக இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று ஷிப்டுக்குத் தாமதமாகத்தான் போக முடிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வேளை. வாசலில் காசியம்மாக்கா இருந்தார். வெயிலில் நிழல் காலடியிலேயே சுருண்டிருந்தது. ஒரு கையில் துடைப்பம், மறு கை கேட்டுக் கம்பியில். வலது கண் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குப் போலச் சுருங்கியிருந்தது. மூச்சு பிள்ளைகளின் வீசிங்காக விசில் அடித்தது. விரல் நுனிகள் சர்க்கரைக்காரர்களின் விரல்போல வெளுத்திருந்தன. நான் தெரிந்து வைத்திருந்த அத்தனை பேரும் அந்த ஒரு உடம்பில் நின்று என்னைப் பார்த்தார்கள்.

“வை,” என்றார். “எங்க வச்சாலும் சரி. ஓரமா வச்சா குனியறதுக்குத் தோது.”

நான் குனிந்தேன். அவர் என் இலையைப் பார்த்ததும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டார்.

“இது பெருசு,” என்றார். “பொம்பளைக்கு மட்டும் வர்றது.” என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பரவால்ல, வை. உனக்கு வயசு இருக்கு.”

என் கை இலையை விடவில்லை. வைத்துவிட்டால் அவர் அன்றோடு படுத்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது. இலையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வீட்டில் முருகானந்தம் கத்தினார். “கழிச்சுக் கொண்டுபோனதைத் திருப்பி வீட்டுக்கா கொண்டாருவ? எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?”

“கேள்விப்படலதான்,” என்றேன். “நான் கார்டை எடுக்கப் போறேங்க.”

மறுநாள் மேடத்திடம் ஸ்கேனையும் டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததையும் நீட்டினேன். அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. “இது உங்க உரிமை, வெண்மதி. உடனே அனுமதி வாங்கித் தர்றேன்,” என்றார். வாங்கியும் கொடுத்தார். ஆனால் என் பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டு, அந்த வருஷத்தில் அதுவரை காலியாகக் கிடந்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

செய்தி சாப்பாட்டு மணிக்குள் பரவிவிட்டது. என் மேஜைக்கு எதிரில் யாரும் உட்காரவில்லை. செம்பியன் மட்டும் டிபன் பாக்ஸோடு என்னைத் தாண்டிப் போகும்போது, “நம்ம இன்கிரிமென்ட்டு இந்த வருஷம் வெண்மதிக்கா வயித்துக்குள்ளதான் இருக்கு,” என்றான். சிரித்தவர்கள் சிரித்தார்கள்.

அன்று வாசலில் துடைப்பச் சத்தம் கேட்கவில்லை. காசியம்மாக்கா காலையிலேயே கேட்டருகில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் போய், யாரோ வீட்டில் கொண்டுபோய் விட்டார்களாம். அடுத்த நாளும் வரவில்லை. காண்ட்ராக்டர் பெருக்குவதற்கு ஒரு வண்டி அனுப்பினார். அது சாலையைத் தூசி கிளப்பிப் பெருக்கியது, இலைகளை மட்டும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போனது. உருண்டைகள் அப்படியே கிடந்தன. எறும்பு மொய்க்கவில்லை. மதிலில் உட்கார்ந்திருந்த காகங்கள் அந்தப் பக்கம் இறங்கவே இல்லை. வைத்தவர்களுக்குத் தலைவலி நிற்கவில்லை, காய்ச்சல் விடவில்லை. கழிப்பதற்கு இடமில்லாமல் போயிற்று.

ஆபரேஷனுக்குக் குறித்த நாளன்று விடிந்ததும் குளித்துவிட்டு, பையோடு கதவைத் திறந்தேன்.

எங்கள் வீடு தருமபுரத்தில், தெருவிலிருந்து நாலு எட்டு உள்ளே இருக்கிறது. கதவிலிருந்து தெருவரை அந்தப் பாதை முழுக்க இலைகள். ஒவ்வொன்றிலும் மஞ்சள், கறுப்பு, சிவப்பு. ஓரத்தில்கூடக் கால் வைக்க இடம் விடாமல் நெருக்கமாக வைத்திருந்தார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சூளைப் பிரிவு, மண் பிரிவு, பேக்கிங் எல்லோரும். சிலர் கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் இருந்தன. என்னை வழியனுப்ப வந்தவர்கள்போலத்தான் நின்றார்கள்.

“என்னண்ணே இது?” என்று முருகானந்தம் கேட்டார்.

குஞ்சிதபாதம் அண்ணன் கைகூப்பினார். “தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. எப்படியும் கார்டை எடுத்தாச்சு. ஒரு பில்லு போட்டாலும் பிரீமியம் ஏறத்தான் போவுது, பெரிய பில்லாப் போட்டாலும் ஏறத்தான் போவுது. இந்தப் பொண்ணு போய்ப் படுக்குறப்ப எங்களுதையும் சேர்த்துப் பார்த்துக்கிட்டா, ஒரே செலவாப் போயிடும். நாங்க ஆளாளுக்குப் போய்ப் படுத்தா இன்னும் மோசம்ல?”

“ஆபரேஷனுக்குப் போறவங்க மேலயா?”

“அங்க டாக்டருங்க இருக்காங்க தம்பி. காசியம்மாவுக்கு யாரு இருந்தா?”

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து இலைகளைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எது யாருடையது என்று எனக்கும் தெரியத் தொடங்கியது. இது பல்வலி. இது ரத்தக்கொதிப்பு. அந்தக் கடைசியில் இருப்பது இன்னும் எந்த டாக்டரும் பெயர் சொல்லாத ஒன்று.

பின்பக்கமாக வயல் வரப்பில் இறங்கிப் போய்விடலாம் என்று முருகானந்தம் என் தோளைத் தொட்டார். போகலாம்தான். போனால் இவர்கள் நாளைக்கு இதையெல்லாம் எங்கே வைப்பார்கள் என்று யோசித்தேன். காசியம்மாக்கா எழுந்து பெருக்க வந்துவிட்டால் அவரிடம்தான் வைப்பார்கள்.

“நீங்க வண்டியை எடுத்துட்டுப் போயி காசியம்மாக்காவைக் கூட்டியாங்க,” என்றேன்.

“எதுக்கு?”

“கூட்டியாங்க, சொல்றேன். பின்பக்கமாப் போங்க.”

அவர் போனார். தெருவில் நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். நான் அடுப்படிக்குப் போய் உலை வைத்தேன். முடியாமல் நடுவில் இரண்டு முறை உட்கார்ந்துகொண்டேன். பெரிய குண்டானில் சோறு ஆகி இறக்கியபோது, பின்கட்டில் வண்டிச் சத்தம் கேட்டது. முருகானந்தமும் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணும் காசியம்மாக்காவைத் தாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார வைத்தார்கள்.

“அக்கா, உங்களுதை இன்னும் யாரும் கழிக்கலையே,” என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. “வேணாம் பொண்ணே. என்கிட்ட இருக்கறது ஒரு உருண்டையில அடங்காது.”

“குண்டானோட வச்சிருக்கேன்.”

“நீ அறுக்கப் போற உடம்பு.”

“நீங்க அறுக்கக்கூடப் போக முடியாத உடம்பு. எம் பேருல கார்டு இருக்குக்கா. ரூம்பு, டாக்டரு, மருந்து எல்லாம் எழுதியிருக்கு அதுல.”

முருகானந்தம் குறுக்கே வந்தார். “உனக்கு என்ன ஆச்சு மதி? நீ திரும்பி வரணுமா வேணாமா?”

“வரணும்னுதாங்க போறேன். அங்க பார்க்குறதுக்கு ஆள் இருக்கு. இவங்களை யாரு பார்க்குறாங்க?”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

மஞ்சள் பொட்டலத்தை அப்படியே கொட்டிக் கிளறினேன். பாதியில் கரி, பாதியில் குங்குமம். குண்டானைத் தூக்க முடியவில்லை. முருகானந்தமே திரும்பி வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாகக் காசியம்மாக்காவைச் சுற்றினோம். சுற்றச் சுற்ற சோறு கனத்துக்கொண்டே போனது. சோற்றுக்குள்ளிருந்து ஒரு விசில் சத்தம் வந்ததாக முருகானந்தம் பிறகு சொன்னார். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது பல பேர் ஒன்றாகப் பெருமூச்சு விடுகிற சத்தம். வாசலில் கொண்டுவந்து, இலைகளுக்கு முன்னால், என் கால் முதலில் படுகிற இடத்தில் குண்டானைக் கவிழ்த்தோம்.

தெருவில் சலசலப்பு எழுந்தது.

“அது யாருது?” என்று கேட்டார் குஞ்சிதபாதம் அண்ணன். முதல் தடவையாக அவர் குரல் பதறியது.

“காசியம்மாக்காவுது.”

“அந்தம்மா பேரு கார்டுல இல்லையேம்மா. அதெல்லாம் சேர்ந்தா பில்லு எங்க போய் நிக்கும்? பங்குனியில நமக்கு ஒண்ணும் மிஞ்சாது.”

“எல்லாம் உங்களுதுதானேண்ணே. திருப்பித் தர்றேன்னா எடுத்துக்கிறீங்களா? எது யாருதுன்னு எனக்கு இப்பத் தெரியுது. அந்தந்த ஆளு கையில குடுத்துடறேன்.”

குனிந்து ஒரு பிடி சோற்றை எடுத்தேன். மஞ்சளும் கரியுமாக விரலிடுக்கில் ஒழுகியது. அவர் பின்னால் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் நகர்ந்தார்கள். செம்பியன் கையிலிருந்த ஆப்பிள் பையை மதிலில் வைத்துவிட்டு, யாருக்குப் பின்னாலோ போய் நின்றுகொண்டான். நான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். தன்னுடையதைத் திருப்பிக் கேட்பதற்கு ஒருவரும் முன்வரவில்லை. பிடியைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு தாண்டினேன்.

முதல் அடியிலேயே மூச்சு பாதியாயிற்று. அடுத்ததில் இடது முழங்கால் மடங்க மறுத்தது. காலை இழுத்து வைத்தேன். வலது கண்ணுக்குள் யாரோ நுழைவதுபோல வெளிச்சம் குத்தியது. பல் வலித்தது, நெஞ்சு அடைத்தது, விரல்கள் மரத்துப்போயின. ஒரு இலையைத் தாண்டியபோது எனக்குத் தெரியாத ஒரு பிள்ளையின் பயம் வந்து போனது. அதற்கடுத்ததில் யாரோ ஒரு கிழவரின் பசியின்மை. தெருவில் கால் வைத்தபோது என்னைத் தாங்கிப் பிடிக்க முருகானந்தம் ஓடிவந்தார். இலைகளின் மேலே நடந்துவிடப் போகிறாரே என்று நான் கத்துவதற்குள், எல்லாமே வெறும் சோறாகி, மதிலிலிருந்து காகங்கள் இறங்கி வந்து கொத்தத் தொடங்கியிருந்தன.

திரும்பிப் பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான். வாசற்படியில் காசியம்மாக்கா தன் காலில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். அவருடைய சொந்த முகம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் இருமினேன். இரண்டு குட்டை, ஒரு நீளம்.

அங்கே கார்டை வாங்கிப் பார்த்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஆபரேஷன் டாக்டர் பேனாவும் அட்டையுமாக வந்து பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சின்னப் பெண். கட்டியைப் பற்றி எல்லாம் தெரியும் என்றார்.

“மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னால கேட்டு எழுதிக்கணும். இதைத் தவிர உடம்புக்கு வேற எதாவது தொந்தரவு இருக்கா? மறைக்காம சொல்லுங்க.”

“இருக்குங்கம்மா. எழுதிக்குங்க,” என்றேன். “எல்லாத்துக்கும் மருந்து வேணும்.”

வரிசை தவறாமல் சொன்னேன். மூச்சு, முழங்கால், சர்க்கரை, கொதிப்பு, வலது பக்கத் தலைவலி, மூலம், நெஞ்சுவலி, பல், விடியலுக்கு முன்னால் எழுப்பி உட்கார வைக்கிற இருமல், பிள்ளையின் வீசிங், கிழவரின் பசியின்மை. கடைசியாகப் பெயர் தெரியாத அந்த ஒன்றை, அது எங்கே எப்படி இருக்கிறது என்று விளக்கிச் சொன்னேன். அவர் முதலில் வேகமாக எழுதினார். பிறகு தாளைத் திருப்பினார். பிறகு இன்னொரு தாள் கேட்டு வாங்கினார். நர்ஸ் கொண்டுவந்த கருவியை என் கையில் கட்டி அளவு பார்த்தார், முழங்காலை அழுத்திப் பார்த்தார், முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சைக் கேட்டார். நான் சொன்ன ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் இருந்தது.

அவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

“இதெல்லாம் உங்களுக்கு எத்தனை வருஷமா இருக்கு?”

“இன்னைக்குக் காலையிலேருந்துதாங்கம்மா,” என்றேன்.